நீல வெளிச்சத்தில் ஒரு பார்வையிடல்

ஒரு கண்ணாடிக் கடலில் ஓர் உளுவை மீனும் ஓர் இறாலும் ஒரே வளையில் குடியிருந்தன.

கடல் என்றதும் பெரிய கடலை நினைக்க வேண்டாம். மூன்றாம் மாடி வீடொன்றின் கூடத்தில், சோபாவுக்கு எதிரே, மேசைமேல் வைத்திருந்த கண்ணாடித் தொட்டி அது. உள்ளே உப்பு நீர், வெள்ளை மணல், அடுக்கிய பாறைகள், பாறைகளில் பவளங்கள். அங்கே வாழ்ந்தவர்களுக்கு வேறு கடல் தெரியாது. ஆகவே அவர்களுக்கு அதுதான் கடல்.

இறாலின் பெயர் சொடக்கி. அவளுடைய கொடுக்குகளில் ஒன்று மிகப் பெரிது. அதைப் படீரென்று மூடினால் கல் தெறித்த மாதிரி சத்தம் வரும். கண் மட்டும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் வளை தோண்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பொழுது விடிந்தால் மணலை அள்ளி வெளியே கொட்டுவாள். திரும்பிப் போய் மறுபடி அள்ளுவாள்.

உளுவையின் பெயர் முண்டக்கண்ணன். மண்டைக்கு மேலே இரண்டு கண்ணும் துருத்திக்கொண்டிருக்கும். தோண்ட வராது, வாசலில் உட்கார்ந்து காவல் காப்பான். சொடக்கி வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையொன்றை அவன் முதுகில் வைத்திருப்பாள். ஆபத்து என்றால் அவன் வாலை ஆட்டுவான், அவள் உள்ளே ஓடிவிடுவாள். கை அவளுடையது. கண் அவனுடையது. வீடு இருவருடையது.

அவர்கள் வளை இருந்தது பின் மூலையில், பெரிய பாறையின் மறைவில். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயலைக் கடைமடை என்பார்கள். அந்த மூலைக்கும் அதே பெயர்தான். தொட்டிக்குள் கண்ணாடியில் ஒட்டியபடி ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அது கிளப்பும் அலை எல்லா இடமும் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் கடைமடைக்கு வரும். கடைசியாக வந்தாலும், வந்துவிடும்.

வளைக்கு மேலே ஒரு கல்லில் பச்சை என்ற பவளம் ஒட்டியிருந்தாள். பொத்தான் பொத்தானாக அவளுக்குப் பல முகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய். ஒரு வாய் பேச்சைத் தொடங்கும், இன்னொன்று நடத்தும், மற்றொன்று முடிக்கும்.

"இன்னைக்கு அலை..."

"...சும்மா சொல்லக் கூடாது..."

"...குளுகுளுன்னு இருக்கு."

பச்சைக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. ஒட்டிய இடமே ஊர். அலைதான் அவளுக்குச் சோறு கொண்டுவர வேண்டும், அலைதான் அவள்மேல் படியும் அழுக்கை எடுத்துப்போக வேண்டும். அதற்குமேல் அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

தொட்டிக்கு ஒரு பெரியவர் இருந்தார். மஞ்சள் நிற மீன், ஆகவே மஞ்சளார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்களைவிட அகலமாக இருந்தார், வாலடியில் கத்தி மாதிரி ஒரு முள் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்காரர்கள் சோபா பக்கம் வந்தால் முன் கண்ணாடியில் உரசி உரசி ஆடுவார். "ஐயோ பாவம், பசிக்குது போல" என்று ஒரு சிட்டிகை தீனி விழும்.

வீட்டில் இருந்தவர்கள் நன்மாறன், அவர் மனைவி தமயந்தி. நன்மாறன் ஆபீசுக்குக் கிளம்பும்போது போடுவார். அவர் போனபிறகு தமயந்தி காபி டம்ளரோடு வந்து போடுவாள். அவர் போட்டது இவளுக்குத் தெரியாது, இவள் போடுவது அவருக்குத் தெரியாது. சாயங்காலமும் அதே கதை. மஞ்சளார் இரண்டு பேரிடமும் பட்டினி கிடந்தவர்போல ஆடினார்.

ஆனாலும் அவருக்கு ஒரு மனக்குறை. விழுகிற தீனியில் ஒரு பங்கு அலையோடு கடைமடைக்குப் போய்விடுகிறது.

"ஆடுறது நான். அங்கே கிடக்கிறதுங்க திங்குதா?" என்று சங்கனைக் கூப்பிட்டார்.

சங்கன் ஒரு நண்டு. யாரோ விட்டுப்போன சங்குக்குள் குடியிருப்பவன். உடம்பு வளர்ந்துவிட்டது, சங்கு வளரவில்லை. எந்நேரமும் பிதுங்கிக்கொண்டே நடப்பான்.

"சங்கா, அந்த விசிறிமேல ஏறித் தொங்கு. அது மூஞ்சி என் பக்கம் திரும்பணும்."

"திரும்பினா அலை கடைமடைக்குப் போகாதுங்களே."

"போகாட்டி என்ன குடிமுழுகிடும்? அங்கே ஒருத்தி தோண்டுறா, ஒருத்தன் உக்காந்திருக்கான், ஒருத்தி ஒட்டிக்கிட்டிருக்கா. நீந்தாதவங்களுக்கு அலை எதுக்கு?"

"அதுவும் சரிதாங்க. எனக்கு அந்தப் பெரிய சங்கு விஷயம்..."

"பாத்துக்கலாம்."

சங்கன் அதை வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டான். ஏறினான், தொங்கினான். அவன் கனத்தில் விசிறி மெல்லத் திரும்பி முன் கண்ணாடியைப் பார்த்து நின்றது.

அன்றுமுதல் அலை மஞ்சளாரையே சுற்றியது, தீனியும் அவரையே சுற்றியது. அவர் தின்று தீர்க்க முடியாத மிச்சமும், தின்றவர்கள் போட்ட கழிவும் அலை ஓய்ந்த இடத்தில் போய்ப் படிந்தன. அலை ஓய்ந்த இடம் கடைமடை. நல்லதெல்லாம் முன்னால் நின்றுகொண்டது. குப்பை மட்டும் வழி தெரிந்து பின்னால் வந்தது.

முதலில் மணலில் குங்குமம் சிந்திய மாதிரி ஒரு கறை. பிறகு காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல ஒரு படலம். சிவப்பு நிறம், தொட்டால் வழுவழுப்பு, பிய்த்தால் பட்டை பட்டையாக வரும். நத்தைகள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அதைத் தின்ன அந்தக் கடலில் யாருக்கும் வாயில்லை. சிவப்புப் பாசி மணலை மூடியது. பாறையைத் தொட்டது. பச்சையின் கல்லில் ஏறியது.

ஒரு மத்தியானம் முண்டக்கண்ணன் மேலே பார்த்து, "என்னக்கா, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டான்.

"கீழ் வரிசையில ஒரு வாய்..." என்றது ஒன்று.

"...திறக்கவே..." என்றது இன்னொன்று.

அவ்வளவுதான். மூடிக்கொண்டது எதுவோ அதுதான் அந்தப் பேச்சை முடிக்க வேண்டிய வாய்.

முண்டக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் போய்க் கேட்டுட்டு வரேன்" என்றான்.

"நீ வாசலை விட்டா எனக்குக் கண் யாரு?" என்றாள் சொடக்கி.

"உள்ளேயே இருங்க. வந்துடறேன்."

முன் கண்ணாடிக்குப் போனபோது மஞ்சளார் அலையில் முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தார்.

"ஐயா, கடைமடையில அலை நின்னுபோச்சு. சிவப்புப் பாசி ஏறுது. பச்சையக்காவுக்கு வாய் மூடிக்கிட்டு வருது. வந்து பாருங்க."

"வராம இருப்பேனா? நான் எல்லாருக்கும் பொதுவானவன். நாளைக்குக் காலையில பார்வையிடறேன். நீல வெளிச்சத்துல."

"மத்தியானம் வந்தா நல்லாத் தெரியுமே ஐயா."

"மத்தியானம் எனக்குச் சாப்பாட்டு வேலை."

அந்தக் கடலுக்குச் சூரியன் கிடையாது, மேலே ஒரு விளக்குதான். காலையில் நீலமாக எரியும். பிறகு வெள்ளையாகும். சாயங்காலம் மறுபடி நீலமாகும். நீல வெளிச்சத்தில் பவளங்களெல்லாம் ஒளிவிடும். பச்சை பச்சையாகவே எரிவாள். ஆனால் சிவப்பு நிறம் அந்த வெளிச்சத்தில் எடுபடாது, கறுத்துப்போய் நிழலோடு நிழலாகிவிடும். அதுமட்டுமா, இருட்டில் சிவப்புப் பாசி சுருங்கிவிடும். பகல் ஏறித்தான் விரியும். ஆகக் காலை நீல வெளிச்சத்தில் அது கிடப்பதற்கும் கிடக்காததற்கும் வித்தியாசமே தெரியாது.

மறுநாள் சொன்னபடி மஞ்சளார் வந்தார். சங்கன் பிதுங்கிக்கொண்டே பின்னால் வந்தான்.

"எங்கேப்பா பாசி?"

"இதோ ஐயா, உங்க வயித்துக்குக் கீழ."

"இது நிழல்."

"நிழல் இல்லைங்க. தொட்டுப் பாருங்க."

"பார்வையிட வந்திருக்கேன். தொட வரல." மஞ்சளார் மேலே திரும்பினார். நீல வெளிச்சத்தில் பச்சை தகதகவென்று எரிந்துகொண்டிருந்தாள். "இவளா நோயாளி? பாருடா சங்கா, என்ன ஜொலிப்பு. முன்பக்கத்துல இருக்கிற பவளத்துக்குக்கூட இந்த ஜொலிப்பு கிடையாது."

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்காங்க" என்றான் சங்கன்.

"மூச்சு முட்டுது..." என்றது பச்சையின் ஒரு வாய்.

"...கீழே பாருங்க..." என்றது அடுத்தது.

"வாய் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் மஞ்சளார்.

முண்டக்கண்ணன் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றான். "வெள்ளை வெளிச்சத்துல ஒரே ஒரு தரம் வாங்க ஐயா. இந்த நிழல் என்ன நிறம்னு தெரியும்."

"எனக்கு வேளை குறிக்கிறியா?" மஞ்சளார் வாலைச் சற்றே திருப்பினார். வாலடி முள் தெரிந்தது. "பார்வையிட்டாச்சு. கடைமடை நலமா இருக்கு. ஏதாவது அழுக்கு இருந்தா அது இந்த இறால் கிளப்புறதுதான். எந்நேரமும் மணலைக் கிளறினா அழுக்கு வராம சந்தனமா வரும்? இனிமே தோண்டக் கூடாது. சொடக்குப் போடவும் கூடாது. போன தடவை இவ போட்ட சொடக்குல கண்ணாடி விரிஞ்சுபோச்சுன்னு அந்த ஆளு டார்ச்சைத் தூக்கிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தான். அன்னைக்குத் தீனி போடவே மறந்துட்டான்."

சொன்னவர் போய்விட்டார். இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்னதை இவர்கள் கேட்டார்கள்.

"பெரியவரு சொல்றாருன்னா ஏதாவது இருக்கும்கா. கொஞ்ச நாள் தோண்டாம இருந்து பாப்போம்" என்றான் முண்டக்கண்ணன்.

"நான் தோண்டினாத்தான் இந்தப் படலம் கிழிஞ்சுக்கிட்டே இருக்கும்டா" என்றாள் சொடக்கி. ஆனாலும் நிறுத்தினாள்.

கிளறாத மணல் இறுகியது. இறுகிய மணலில் பாசி நிம்மதியாக விரிந்தது. வளையின் வாசலைப் பாதி மூடியது. பச்சையின் கல்லில் வரிசை வரிசையாக ஏறியது. மஞ்சளார் சொன்ன மருந்து நோய்க்கு நன்றாக வேலை செய்தது, நோயாளிக்கு அல்ல.

ஒருநாள் சங்கன் மட்டும் மத்தியானத்தில் அந்தப் பக்கம் வந்தான். சிவப்புப் படலத்தின் மேலெல்லாம் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் ஒட்டி மின்னின. கொஞ்ச நேரம் பார்த்தான். பச்சையையும் பார்த்தான். பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"போய்ச் சொல்லு சங்கா. நீயாவது உள்ளதைச் சொல்லு" என்றான் முண்டக்கண்ணன்.

சங்கன் போய்ச் சொன்னான்: "கடைமடையில முத்து விளையுதுங்க ஐயா."

"நான்தான் சொன்னேனே" என்றார் மஞ்சளார். "அப்புறம், அந்தச் சங்கு விஷயம்..."

"சொல்லுங்கய்யா."

"பாத்துக்கலாம்."

முத்து விளையும் கடைமடையில் பச்சைக்கு மேல் வரிசை மட்டுமே மிஞ்சியிருந்தது. அவள் பேசுவது இப்போது யாருக்கும் புரியவில்லை. பேச்சைத் தொடங்குவாள், அது அந்தரத்தில் நிற்கும். சில சமயம் நடுவிலிருந்து ஒரு சொல் மட்டும் வரும். "...அலை..." என்பாள். அதற்கு முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது.

"வேற மூலைக்குப் போயிடலாம்கா" என்றான் முண்டக்கண்ணன். "அந்தத் தூண் பாறைக்கடியில நல்ல மணல் இருக்கு. புதுசா ஒரு வளை போட்டுக்கலாம். இங்கே இருந்தா வாசல் மூடிக்கும், நாமும் உள்ளேயே..."

சொடக்கி மீசையை அவன் முதுகிலிருந்து எடுத்து மேலே நீட்டி, பச்சையின் கல்லைத் தடவினாள். கண் தெரியாதவள் தடவித் தடவிப் பார்த்தாள். வழுவழுப்பு, அதற்கு மேலும் வழுவழுப்பு. கடைசியில் ஓர் ஓரத்தில் மட்டும் உயிருள்ள தோல்.

"எனக்குக் கால் இருக்கு, உனக்குத் துடுப்பு இருக்கு, போயிடலாம்" என்றாள். "இவளை யாருடா தூக்கிட்டு வர்றது?"

முண்டக்கண்ணன் நிமிர்ந்து பச்சையின் கல்லைப் பார்த்தான்.

"நாம ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோம்டா. போய்க் கேட்டது சரி. அவன் வந்து இல்லைன்னு சொன்னதும் வாயை மூடிக்கிட்டோமே, அதுதான் தப்பு. பாக்க மாட்டேங்கறவன்கிட்ட இனிமே காட்ட வேண்டாம். பாக்கக்கூடியவங்களை இங்கே வரவைப்போம்."

"யாரை?"

"டார்ச்சைத் தூக்கிட்டுச் சுத்தினாங்களே, அவங்களை. பின் கண்ணாடி எந்தப் பக்கம்?"

"அக்கா, அது திறந்த வெளி. ஒளிய ஒரு கல்லுகூடக் கிடையாது. அந்த மஞ்சளு வந்தான்னா..."

"நீதான் கண்ணாச்சே. சொல்லு. விளக்கு வெள்ளையாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"வீட்டுல ஆளு?"

"ஞாயித்துக்கிழமை. ரெண்டு பேரும் சோபாவுலதான்."

"கிளம்பு."

முண்டக்கண்ணன் முன்னால் போனான். அவன் முதுகில் மீசையை வைத்து அவள் பின்னால் போனாள். பாசிப் படலத்தில் அவள் கால்கள் வழுக்கின. இரண்டு முறை விழுந்தாள். மீசையை மட்டும் எடுக்கவில்லை. பின் கண்ணாடி வந்ததும் கொடுக்கைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

படீர்.

சோபாவில் பேச்சு நின்றது.

படீர்.

மஞ்சளார் முன்னாலிருந்து பாறையைச் சுற்றிப் பாய்ந்து வந்தார். வெள்ளை வெளிச்சத்தில் அவர் கடைமடைக்கு வருவது அதுதான் முதல்முறை. மணல் முழுக்கச் சிவப்பு. பாறை சிவப்பு. பச்சையின் கல் சிவப்பு. அவர் எல்லாவற்றையும் பார்த்தார். முண்டக்கண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஆச்சரியம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

"நிறுத்து" என்றார் மஞ்சளார் தாழ்ந்த குரலில். "இதை அவங்க பாத்தா தீனியைக் குறைச்சிடுவாங்க."

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றான் முண்டக்கண்ணன்.

"தெரியாமலா நீல வெளிச்சத்துல வந்தேன்?"

தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். சோம்பலில் செய்தவனைத் திட்டலாம். தெரிந்தே வேளை பார்த்து வந்தவனை என்ன செய்வது? சின்ன உளுவைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அசையாமல் நின்றான். ஆபத்து வந்தால் வாலை ஆட்டுவது அவன் வழக்கம். வாலை ஆட்டினால் அக்கா ஓடிவிடுவாள். அன்று அவன் வாலை ஆட்டவில்லை.

"அக்கா," என்றான், "நேர் எதிர்க்க இருக்கான். அவன் மூஞ்சிக்கு நேரா போடுங்க."

மஞ்சளார் வாலைச் சுழற்றினார். முள் முண்டக்கண்ணனின் விலாவைக் கீறியது. சொடக்கியின் மீசையொன்று அறுந்து மிதந்தது. அதே நொடியில் கொடுக்கு மூடியது.

படீர்.

முகத்தில் அறை வாங்கினவர்போல மஞ்சளார் பின்னால் போய்ப் பாறையில் முட்டிக்கொண்டார். கூடத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"கண்ணாடி போச்சு தமயந்தி! டார்ச்சை எடு, டார்ச்சை எடு!"

"கத்தாதீங்க. தண்ணி எங்கேயும் ஒழுகல."

"பின்பக்கம்தான் சத்தம் வந்தது. மேசையை இழு, மெதுவா... மெதுவான்னா மெதுவா!"

பின் கண்ணாடியில் இரண்டு பெரிய முகங்கள் வந்து ஒட்டின. டார்ச் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

"விரிசல் இல்லங்க" என்றாள் தமயந்தி. "ஆனா இதைப் பாருங்க."

"ஐயய்யே. என்ன இது, ரத்தக்களறி மாதிரி?"

"எத்தனை நாளா இப்படிக் கிடக்கோ. முன்னாடி உக்காந்து அழகு பாத்தோமே தவிர பின்னாடி ஒரு நாள் எட்டிப் பாத்தோமா?"

"ஒண்ணும் பயப்படாதே. இதுக்கு ஒரு மருந்து இருக்கு. போட்டா ரெண்டே நாள்ல காணாமப் போயிடும்னு கடைக்காரர் சொன்னார்."

"காணாமப் போயிடும். எதனால வந்ததோ அது அப்படியேதானே இருக்கும்? திரும்பி வராதா? செத்த பாசியெல்லாம் உள்ளேயே அழுகினா இதுங்க எப்படி மூச்சு விடும்?" தமயந்தி இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். "அலையே இல்லையே இங்கே. விசிறியை ஏன் முன்பக்கம் திருப்பி வெச்சிருக்கீங்க?"

"நான் எங்கே திருப்பினேன்? நீதான் துடைக்கும்போது..."

"நான் அதைத் தொடவே இல்ல."

சங்கன் அன்றும் விசிறியின் மேல்தான் ஏறித் தொங்கிக்கொண்டிருந்தான். வெளிச்சம் பட்டதும் சங்குக்குள் போகப் பார்த்தான். இடமில்லை. பாதி உடம்பு வெளியேதான் நின்றது.

"அது சரி, இவ்வளவு தீனி இங்கே மக்கிக் கிடக்கே. நீங்க காலையில போடறீங்களா?"

"தினமும் போடறேனே."

"நானும் தினமும் போடறேனே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் மஞ்சளாரைப் பார்த்தார்கள். பழக்கதோஷம், அவர் ஆடத் தொடங்கியிருந்தார்.

"இந்தத் தடியன் பட்டினி கிடக்கிற மாதிரி நடிச்சதெல்லாம்..." என்றார் நன்மாறன்.

பிறகு வேலை நடந்தது. ஒரு குழாய் உள்ளே வந்தது. அதன் வாய் போன இடமெல்லாம் சிவப்புப் படலம் பட்டை பட்டையாகப் பிய்ந்து மேலேறி வாளிக்குப் போயிற்று. பச்சையின் கல்லைத் தமயந்தி பழைய பல்துலக்கியால் பூப்போலத் தேய்த்தாள். புது உப்பு நீர் வந்தது. விசிறியின் முகம் திரும்பியது. கடைமடைக்கு அலை வந்தது.

பாசி உடனே ஒழிந்துவிடவில்லை. மறுபடி மெல்லியதாகப் படிந்தது, மறுபடி உறிஞ்சினார்கள். தீனி ஒரு வேளையானது, அதுவும் ஒரே ஆள் கையால். சொடக்கி யாரையும் கேட்காமல் தோண்டத் தொடங்கினாள். படிந்த படலம் படியப் படியக் கிழிந்தது. அலையும் தோண்டலும் குறைந்த தீனியும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அதை ஒழித்தன. சொடக்கிக்கு மீசை முளைக்கத் தொடங்கியது. முண்டக்கண்ணனின் விலாவில் கீறல் ஆறியது, தழும்பு நின்றது.

பச்சைக்கு வாய்கள் திரும்பவில்லை. கல் முழுக்க வெள்ளை வெள்ளையாக வடுக்கள். மேல் ஓரத்தில் இரண்டே இரண்டு வாய்கள் மிஞ்சின. இனிப் பேச்சைத் தொடங்க அவற்றில் ஒன்று, முடிக்க ஒன்று. நடுவில் நடத்தத்தான் ஆளில்லை.

ஒரு காலை, நீல வெளிச்சத்தில், மஞ்சளார் மறுபடி கடைமடைக்கு வந்தார். வயிறு ஒட்டியிருந்தது. குரல் ஒட்டவில்லை. சங்கன் பிதுங்கிக்கொண்டே பின்னால் வந்தான். அவனுக்குச் சங்கு இன்னும் வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மஞ்சளார். "அன்னைக்கு நான் நேர்ல வந்து பார்வையிட்டேன். இன்னைக்கு அலை வந்தாச்சு, பாசி போயாச்சு. என்னமோ பெரியவர் எங்களைக் கவனிக்கலைன்னு சொன்னீங்களே." மேலே பார்த்தார். அந்த வெளிச்சத்தில் வடுக்கள் தெரியவில்லை. மிஞ்சிய இரண்டு முகங்கள் மட்டும் அந்த நீலத்தில் பச்சையாக எரிந்தன. "என்ன ஜொலிப்பு பாருடா. நல்லா இருக்கியாம்மா?"

முண்டக்கண்ணன் வாயைத் திறந்தான். சொடக்கி அவன் முதுகில் மீசையை அழுத்தினாள். பச்சையே பேசட்டும் என்று அதற்கு அர்த்தம்.

"மத்தியானம்..." என்றது பச்சையின் ஒரு வாய்.

"...வாங்க" என்றது மற்றது.

மத்தியானம் விளக்கு வெள்ளையானது. கல்லின் வடுக்களெல்லாம் வெட்டவெளிச்சமாயின. நத்தைகள் வந்து பார்த்தன. முன்பக்கத்துச் சின்ன மீன்கள் வந்து பார்த்தன. சங்கன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு வந்து பார்த்தான். மஞ்சளார் வரவில்லை. முன் கண்ணாடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். தீனி விழவில்லை.

குறை கண்ணுக்குத் தெரியாத வேளையாகப் பார்த்துக் குறை கேட்க வருகிறவன், குறையைத் தீர்க்க வருவதில்லை, மூடத்தான் வருகிறான்.